கிறகரி வாவியும் காமன் பொட்டலும்: மலையகத்தின் கேளிக்கை மரபுரிமை குறித்து ஒரு வரலாற்று நோக்கு

மரபுரிமையைப் பேணுதல் என்னும் சொற்றொடர் அரசாங்கத் திட்டங்களிலும் சுற்றுலாத்துறையின் விளம்பரங்களிலும் பெருவழக்காகிவிட்டது. பழமை எய்திய நீர்க்கரை உல்லாசத்தலம் ஒன்றைப் புதுக்கும்பொழுது அதன் பழஞ்சிறப்புக் குன்றாவண்ணம் புதுக்குதல் வேண்டும் என்று கூறப்படுமாயின் அதனை மறுப்பார் எவருமிலர். ஆயின், பேணப்படுவது எவருடைய பழமை, எத்தகைய சமூக உறவுகளின் எச்சம் அது, அதனைத் தோற்றுவித்த உழைப்புக்கு அதில் உரிய இடம் யாது என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. நுவரெலியா நகரின் கிறகரி வாவியையும் அதனைச் சூழ்ந்தெழுந்த கேளிக்கை நிலையங்களையும் எடுத்துக்கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓய்வும் கேளிக்கையும் வர்க்கச் சார்பற்றனவாகத் தோன்றுபவை. உண்மையில் ஒரு சமூகத்தில் யார் எவ்வளவு நேரம் உழைக்கின்றனர், அவ்வுழைப்பின் மிகுதியை யார் நுகர்கின்றனர் என்பதே யாருக்கு ஓய்வு வாய்க்கின்றது என்பதை நிர்ணயிக்கின்றது. மலையகத்தில் இருவேறு கேளிக்கை வரலாறுகள் உள்ளன. ஒன்று வாவிக்கரையில் நிகழ்ந்தது. மற்றது தோட்டத்து லயங்களின் முன்றிலில் நிகழ்ந்தது. முதலாவது மரபுரிமை எனப் பெயர்பெற்றுவிட்டது. இரண்டாவது அப்பெயரை இன்னும் முழுமையாகப் பெறவில்லை. இவ்விரண்டையும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாகக் காணாத எந்த மீள்நிர்மாணமும் வரலாற்றைப் பேணுவதாகாது என்பதே நாம் இங்கு நிறுவ விழையும் கருத்தாகும்.

1. வாவியின் தோற்றம்

கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், பிதுருதலாகல மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள நுவரெலியாப் பள்ளத்தாக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பிரித்தானிய ஆட்சியாளரின் கவனத்தை ஈர்த்தது. 1824 முதல் 1831 வரை பெரும்பாலும் தேசாதிபதியாக விளங்கிய எட்வேட் பார்ண்ஸ், வெப்பத்தாலும் காய்ச்சலாலும் நலிவுற்ற படைவீரரும் அதிகாரிகளும் உடல்நலம் தேறுதற்குரிய தலமாக இதனை வளர்த்தார். அவர் தமக்கென அமைத்த இல்லமே பிற்காலத்தில் கிராண்ட் ஹோட்டலாக விரிவடைந்தது. 1840களின் இறுதியில் இங்கு வந்த சாமுவேல் பேக்கர், ஆங்கிலக் கிராமம் ஒன்றையே இம்மலைமீது பெயர்த்து நட முயன்றார். தாயகத்தின் தட்பவெப்பத்தையும் காட்சிகளையும் குடியேற்ற நாட்டில் மீளப் படைக்கும் இவ்வேட்கையே நுவரெலியாவின் அடிப்படைப் பண்பாயிற்று.

இப்பள்ளத்தாக்கின் சதுப்பு நிலத்தில், பிதுருதலாகலவிலிருந்து இழியும் நீரைத் தேக்கி வாவி அமைக்கப்பட்டது 1873 ஆம் ஆண்டிலாகும். அப்பொழுது தேசாதிபதியாயிருந்த வில்லியம் கிறகரியின் பெயரையே அது இன்றளவும் தாங்கி நிற்கின்றது. இவரே 1877 இல் கொழும்பு நூதனசாலையைத் திறந்துவைத்தவர் என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பழமையைக் காட்சிப்பொருளாக்கும் நிறுவனமும், புதிய ஆளும் வர்க்கத்தின் கேளிக்கைக்கான நீர்நிலையும் ஒரே ஆட்சியின் கீழ், ஒரே பொருள்வளத்தினின்றும் எழுந்தன.

அப்பொருள்வளம் கோப்பியினின்றும் வந்ததாகும். இலைத்துரு நோய் 1869 இலேயே இலங்கையிற் கண்டறியப்பட்டதாயினும், உலகச் சந்தையில் கோப்பியின் விலை உயர்ந்தமையால் 1870களின் முற்பகுதி தோட்ட முதலாளிகளுக்கும் அரசாங்கத்தின் திறைசேரிக்கும் வளமிக்க காலமாகவே அமைந்தது. வாவியைத் தொடர்ந்து 1875 இல் குதிரைப் பந்தயத் திடலும் 1876 இல் தோட்டத் துரைமாருக்கான ஹில் கிளப்பும் தோன்றின. பின்னர் 1889 இல் கோல்ப் கழகமும் 1897 இல் விக்டோரியாப் பூங்காவும் இவற்றோடு சேர்ந்தன. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குள் ஆளும் வர்க்கத்தின் ஓய்வுக்கான முழுமையானதொரு நகரம் இங்கு உருப்பெற்றுவிட்டது.

இவ்வாண்டுகளைப் பிறிதொரு நிகழ்ச்சியோடு இணைத்து நோக்குதல் இன்றியமையாதது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. ஊரில் உணவின்றித் தவித்த பல்லாயிரவர் கங்காணிமாரின் பின்னே மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே நடந்து மலைநாட்டை அடைந்தனர். ஹில் கிளப்பின் கதவுகள் திறந்த ஆண்டும் பஞ்சம் தொடங்கிய ஆண்டும் ஒன்றாயிருத்தலைத் தற்செயல் எனலாம். ஆனால் மலிவான உழைப்பின் இடையறாத வரவே அக்கழகத்தின் உறுப்பினர்களுக்கு ஓய்வையும் செல்வத்தையும் ஈந்தது என்பது தற்செயலன்று. தெருக்கள் முதலான பொதுவேலைகளுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்ட பயனியர் படைகளும் இவ்வுழைப்பின் ஒரு பகுதியேயாம். மலையகத்தின் நிலத்தோற்றம் முழுவதும் இவர்களின் கைகளால் மாற்றியமைக்கப்பட்டதாகும்.

2. இரண்டு பிளாக்பூல்கள்

நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னும் பெயருடைய இடமொன்று உண்டு. 1910களின் தொடக்கத்தில், பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் முயற்சியால் இங்குதான் சிறிய நீர்மின் நிலையம் ஒன்று அமைந்து நுவரெலியா நகருக்கு ஒளி தந்தது. வாவியின் நீரே அதனை இயக்கிற்று.

இப்பெயரின் மூலமான இங்கிலாந்தின் பிளாக்பூல் கடற்கரை நகரமோ முற்றிலும் வேறுபட்டதொரு சமூக வரலாற்றையுடையது. லங்காஷயரின் பருத்தி ஆலைத் தொழிலாளர், ஆண்டில் ஒரு வாரம் ஆலைகள் மூடப்படுங்காலத்தில், ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்துடன் புகைவண்டியேறி அங்கு வந்தனர். 1894 இல் எழுப்பப்பட்ட கோபுரமும் 1896 இல் தொடங்கிய கடற்கரைக் கேளிக்கைப் பூங்காவும் இவர்களின் வருகையை நம்பியே நிலைபெற்றன. அங்கும் முதலாளித்துவமே இலாபம் ஈட்டிற்று. எனினும் அக்கேளிக்கையை நுகர்ந்தோர் தொழிலாளர். அவர்களின் ஓய்வு எவராலும் அருளப்பட்டதன்று. வேலைநேரக் குறைப்புக்கான நீண்ட போராட்டத்தின் வழியே அது பெறப்பட்டது. ஊதியத்துடனான விடுமுறை பற்றிய சட்டம் 1938 இலேயே இங்கிலாந்திற் கைகூடிற்று.

அமெரிக்காவின் கோனி ஐலண்டும் இவ்வகையினதே. 1920 இல் ஐந்து சதக் கட்டணத்தில் சுரங்க ரயிலில் அங்கு செல்லும் வாய்ப்பு ஏற்பட்டதும், நியூயோர்க்கின் குடிபெயர்ந்த தொழிலாளர் குடும்பங்கள் அலையலையாகச் சென்றன. நிறவேற்றுமை அங்கும் நிலவிற்று என்பதை நாம் மறத்தல் கூடாது. பிற்காலத்தில் அத்தலம் தளர்வுற்றபொழுது, அதன் புகழ்பெற்ற பூங்காக்களுள் ஒன்றான ஸ்டீப்பிள்சேஸ் நிலவணிகருக்கு விற்கப்பட்டு 1966 இல் இடிக்கப்பட்டது. எஞ்சிய பழைய சவாரிகளுள் ஒன்றான சைக்கிளோன் 1988 இல் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பேணலுக்கான குரல், உழைக்கும் மக்கள் கூடி மகிழ்ந்த இடத்தை நிலவணிகரிடமிருந்து காத்தற்கான குரலாகவும் இருந்தது.

நுவரெலியாவின் நிலை இதற்கு நேர்மாறானது. இங்கிலாந்தின் தொழிலாளர் நகரத்துப் பெயரை இலங்கையின் மலைமீது சூட்டிய ஆட்சியில், இம்மலையின் தொழிலாளருக்கு வாவிக்கரைக்கு வரும் சுதந்திரமே இருக்கவில்லை. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம், ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு நீங்குதலைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. கடன் தீர்ந்தமையைக் காட்டும் துண்டு இன்றி ஒரு தொழிலாளி தோட்டம் மாறுதல் இயலாதிருந்தது. அத்துண்டு முறை 1921 இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆகவே, ஐரோப்பிய, அமெரிக்க நீர்க்கரைப் பூங்காக்களைப் பேணும் அனுபவத்தை அவ்வாறே இங்கு பெயர்த்து வைத்தல் பொருந்தாது. அங்கு பேணப்படுவது உழைப்போரின் ஓய்வு. இங்கு பேணப்படுவது உழைப்பித்தோரின் ஓய்வு.

3. காமன் பொட்டல்

அவ்வாறாயின் மலையகத் தொழிலாளருக்குக் கேளிக்கையே இல்லையோ என்னும் வினா எழும். இருந்தது, அதன் களம் வேறு.

மாசி மாதத்தில், அமாவாசையை அடுத்துத் தோட்டத்துப் பொதுவிடத்தில் காமன் ஊன்றப்படுதலுடன் காமன் கூத்துத் தொடங்கும். நாள்தோறும் பகல் வேலை முடிந்தபின் இரவில் ஆட்டமும் பாட்டும் நிகழும். சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரியுண்டதும் ரதியின் புலம்பலும் கூத்தின் உச்சக்கட்டமாக அமையும். ரதி, மன்மதன், தூதன், வீரபத்திரன், எமன் முதலிய வேடங்களைத் தோட்டத் தொழிலாளரே நோன்பிருந்து ஏற்பர். இதனோடு அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் முதலாய கூத்துக்களும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து இவர்களுடன் பெயர்ந்து வந்து, மலையகத்தில் புதிய வாழ்வைப் பெற்றன.

இக்கூத்துக்களை வெறும் சமயச் சடங்குகளாகக் கொள்ளுதல் போதாது. விடியுமுன் பிரட்டுக்கு அழைக்கத் தப்பு முழங்கிற்று. கூத்துக்கும் அதே தப்பே முழங்கிற்று. பகலில் தோட்டத்துரையின் காலத்தை அறிவித்த கருவி இரவில் தொழிலாளரின் காலத்தை அறிவித்தது. வேலைநாள் முழுவதையும் தோட்ட நிருவாகம் தன்வயப்படுத்திக்கொண்ட சூழலில், எஞ்சிய இரவைத் தமதாக்கிக்கொள்ளும் முயற்சியாகக் காமன் கூத்து அமைந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். ரதியின் புலம்பலில் உறவுகளைப் பிரிந்து வந்தோரும், இளமையிற் கணவரை இழந்தோரும் தம் துயரத்துக்கு மொழியைக் கண்டனர். தப்படிப்போரும் ஆடுவோரும் சாதியால் வகுக்கப்பட்டிருந்தனர் என்னும் முரண்பாட்டையும் மறைத்தல் ஆகாது. மக்கள் கலை என்பதனால் மட்டுமே ஒன்று முரண்பாடுகளினின்றும் விடுபட்டதாகிவிடாது.

இவ்வாய்மொழி மரபின் ஒரு பகுதியைத் தொகுத்து நூலாக்கிய பெருமை சி. வி. வேலுப்பிள்ளையைச் சாரும். அவரது மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983 இல் வெளிவந்தது. கவிஞராகவும் தொழிற்சங்கவாதியாகவும் 1947 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தின் உறுப்பினராகவும் விளங்கிய ஒருவர் இப்பணியைச் செய்தமை கவனத்திற்குரியது. அப்பாராளுமன்றமே 1948 இல் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, இப்பாடல்களைப் பாடியோரை நாடற்றவராக்கிற்று. மரபுரிமை என்பது சட்டத்தோடும் அரசியலுரிமையோடும் பிணைந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. நாடு தன்னுடையவர் என ஏற்காத மக்களின் கலையை அது தன் மரபுரிமையாக எங்ஙனம் ஏற்கும்?

4. புதுக்கலின் பொருளாதாரம்

சுதந்திரத்தின் பின்னர் வாவியும் பந்தயத் திடலும் உள்நாட்டு மத்தியதர வர்க்கத்தின் வசந்தகாலக் கேளிக்கைக்குரியனவாயின. ஏப்பிரல் மாதந்தோறும் குதிரைப் பந்தயமும் மலர்க்கண்காட்சியும் படகுச் சவாரியும் நிகழ்தல் வழக்கமாயிற்று. இது ஒருவகையில் வரவேற்கத்தக்கதே. வெள்ளையருக்கே உரியதாயிருந்த களம் விரிவடைந்தது. எனினும் காலப்போக்கில், மேற்புற மலைச்சரிவுகளில் நிகழும் மரக்கறிப் பயிர்ச்செய்கையாலும் கட்டிடப் பெருக்கத்தாலும் மண்ணும் கழிவும் வாவியை வந்தடைந்தன. 2010களில் அதன் கரை மீளமைக்கப்பட்டு, நடைபாதைகளும் படகுத்துறைகளும் கட்டணம் செலுத்தி நுழையும் பூங்காவும் தோன்றின. கரையை அழகுபடுத்தியபொழுதும் நீரேந்து பரப்பின் பிரச்சினை தீரவில்லை. வாவியின் வரலாறு மலைச்சரிவுகளின் வரலாற்றினின்றும் பிரிக்கவியலாதது என்பதை இயற்கையே இவ்வாறு உணர்த்துகின்றது.

இதே காலப்பகுதியில் தோட்டங்களின் உடைமை முறையும் மாறிற்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையான தோட்டங்களின் முகாமை 1992 இல் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தேயிலையிலிருந்து பெறும் இலாபம் நிலையற்றதாகவே, துரைமாரின் பங்களாக்களும் பழைய தொழிற்சாலைகளும் சுற்றுலாவின் மூலதனமாக மாறின. கந்தப்பளையில் கைவிடப்பட்டிருந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996 இல் ஹோட்டலாயிற்று. கட்டிடக்கலை நோக்கில் இம்மாற்றம் பாராட்டப்பெற்றதில் வியப்பில்லை; இடிந்தொழிய இருந்த கட்டிடம் ஒன்று காப்பாற்றப்பட்டது. ஆயினும் இவ்வகை மாற்றங்களின் பொதுப்பண்பொன்றை நாம் காணத் தவறுதல் ஆகாது. இயந்திரம் பேணப்படுகின்றது, அதனை இயக்கியவரின் வரலாறு விளம்பரத்தின் பின்னணிக் காட்சியாகச் சுருங்குகின்றது. கொழுந்து கொய்யும் பெண்ணின் படம் எங்கும் உண்டு, அவளுக்கோ நாட்சம்பளம். வேலைக்குச் செல்லாத நாள் ஊதியமற்ற நாள் என்னும் நிலையில், ஓய்வு என்பது அவளுக்கு இழப்பின் மறுபெயராகும்.

நுவரெலியாத் தபாலகத்தைப் பற்றிய அண்மைக்காலப் பிணக்கு இவ்விடத்திற் பொருத்தமான சான்றாகும். 1894 இல் செங்கல்லால் எழுப்பப்பட்ட அக்கட்டிடத்தை ஹோட்டல் திட்டமொன்றுக்கு வழங்க அரசாங்கம் முற்பட்டபொழுது, தபால் தொழிற்சங்கங்கள் 2023 நவம்பரில் பணிப்பகிஷ்கரிப்பில் ஈடுபட்டன. முதலீட்டாளரும் மரபுரிமையைப் பேணுவதாகவே கூறுவர். கட்டிடத்தின் ஒரு செங்கல்லும் அசையாதிருத்தல் கூடும். தொழிலாளர் வலியுறுத்தியதோ அதன் பயன்பாட்டை. ஏழை எளியோரும் அனுமதி கேளாது நுழையக்கூடிய பொதுவிடமாக அது நிலைத்திருத்தலே அதன் மரபுரிமை. சுவரை மட்டும் காத்துப் பயனைக் கைமாற்றும் பேணல், பேணல் என்னும் பெயருக்குத் தகுதியுடையதன்று.

5. நீருக்கடியிலுள்ள ஊர்

மலையகத்தில் நீர்க்கரை என்றால் கிறகரி வாவி மட்டுமன்று. அட்டன் பிரதேசத்தில், 1960களில் மின்னுற்பத்திக்கென அமைந்த காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களும் உள்ளன. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரையே தன்னுள் அமிழ்த்திற்று. கடும் வரட்சிக் காலங்களில் நீர்மட்டம் இறங்கும்பொழுது, அந்நகரின் இந்துக் கோயிலும் பௌத்த, இஸ்லாமிய வழிபாட்டிடங்களின் எச்சங்களும் வெளித்தெரிகின்றன. அவற்றைக் காணப் பெருந்திரளானோர் கூடுவர். திட்டமிட்ட எந்தப் பூங்காவும் தரவியலாத வரலாற்றுணர்வை அச்சேற்றுநிலம் தருகின்றது. பல இனத்தாரும் மதத்தாரும் ஒரே கடைத்தெருவில் வாழ்ந்தமைக்கான சான்று அது. வேறொருபுறம், காசல்ரீயின் கரையிலுள்ள துரைமாரின் பங்களாக்கள் செல்வந்தருக்கான விடுதிகளாகப் புத்துயிர் பெற்றுள்ளன. மூழ்கிய ஊரையும் மிதக்கும் பங்களாவையும் ஒரே நீர்ப்பரப்பில் வைத்து நோக்குமிடத்து, எது நினைவுகொள்ளப்படுகின்றது என்பதை மூலதனமே பெரிதும் தீர்மானிக்கின்றது என்பது புலனாகும்.

புகைவண்டிப் பாதையும் அத்தகையதே. 1885 இல் நானுஓயாவை எட்டிய மலையகப் புகைவண்டிப் பாதை, உலகின் எழில்மிக்க பயணங்களுள் ஒன்றாக இன்று விளம்பரம் பெறுகின்றது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென வகுத்தபின், தாயகம் திரும்புவோர் எனப் பெயரிடப்பட்ட குடும்பங்கள் இப்பாதையிலேயே தலைமன்னாரை நோக்கிச் சென்றன. அவ்வண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றனர். அப்பெயர் எந்த நிலையத்தின் பலகையிலாவது பொறிக்கப்படுமாயின், அதுவும் மரபுரிமையைப் பேணலேயாகும்.

6. லயமும் பேணலும்

இங்கு நாம் கடினமானதொரு பிரச்சினையை எதிர்கொள்ள நேரிடுகின்றது. துரைமாரின் பங்களாவைப் பேணுதல் எளிது. அதில் எவரும் வறுமையால் வாழவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவினதான லயக் காம்பராவையும் மரபுரிமை எனக் கோரினால், அதிற் குடியிருப்போரை என் செய்வது? லயத்தைப் பேணுதல் மனிதரை லயத்திற் பேணுதலாக மாறிவிடக்கூடாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மலையகத்தில் பெரும் நிலச்சரிவுகளை விளைவித்தது. இத்தகைய சரிவுகளில் வாழ்வோருக்கு மரபுரிமை பற்றிய சொல்லாடல், பாதுகாப்பான நிலம் பற்றிய கோரிக்கையினின்றும் வேறானதாக இருத்தல் இயலாது.

இதற்கான வழி முற்றிலும் இல்லாமலில்லை. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் கம்பளைக்கு அண்மையில், பழைய லயமொன்றில், 2007 இல் தோட்டத் தொழிலாளருக்கான நூதனசாலையையும் ஆவணக் காப்பகத்தையும் நிறுவியது. ஹந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலை இயந்திரங்களையும் ஜேம்ஸ் டெயிலரின் நினைவையும் காக்க, இதுவோ கொழுந்துக் கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் காக்கின்றது. ஒரு லயம் சான்றாக நிற்க, ஏனைய லயங்களிலுள்ளோர் உறுதிப்பத்திரத்துடன் கூடிய காணியும் வீடும் பெறுதலே முறை. 2023 இல் மலையகத் தமிழரின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நிகழ்ந்த நடைபயணம், நினைவுச்சின்னம் என்பது கல்லாலும் சுண்ணத்தாலும் மட்டும் ஆனதன்று என்பதை உணர்த்திற்று. முன்னோர் நடந்த பாதையே சின்னமாயிற்று. காணியுரிமையும் சமத்துவமும் அந்நடையின் கோரிக்கைகளாயின.

7. முடிவாகச் சில

மேற்கூறியவற்றினின்றும் சில நடைமுறை முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, வாவிக்கரையின் எந்த மீள்நிர்மாணமும் நீரேந்து பரப்பிலிருந்து தொடங்குதல் வேண்டும். அங்கு பயிரிடுவோரைக் குற்றவாளிகளாக்காது, மண்ணரிப்பைத் தடுக்கும் வழிகளை அவர்களோடு சேர்ந்தே காணுதல் வேண்டும். இரண்டாவதாக, கரையின் கணிசமான பகுதி கட்டணமின்றி எவரும் அணுகக்கூடியதாக நிலைத்தல் வேண்டும். மூன்றாவதாக, அங்கு வைக்கப்படும் வரலாற்றுப் பலகைகள் மூன்று மொழிகளிலும் தேசாதிபதியின் பெயரோடு கோப்பியின் விலையையும், பஞ்சத்தையும், 1865 ஆம் ஆண்டின் சட்டத்தையும் கூறுதல் வேண்டும். நான்காவதாக, 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான கோவிந்தனைப் போன்றோரின் நினைவிடங்கள் சுற்றுலாப் பாதையிலும் பாடசாலைப் பாடநூலிலும் இடம்பெறுதல் வேண்டும். ஐந்தாவதாக, தோட்ட அலுவலகங்களில் மட்கும் செக்றோல்களும் பேரேடுகளும் பொதுக் காப்பகத்துக்கு வருதல் வேண்டும். பல்கலைக்கழகங்கள் இதில் முன்னிற்றல் கடன். காமன் கூத்தை ஹோட்டல் முன்றிலில் அரைமணி நேரக் காட்சியாகச் சுருக்காது, கூத்தாடுவோரின் கட்டுப்பாட்டில், அவர்தம் பொட்டலிலேயே அது வாழ்வதற்குரிய ஆதரவு நல்கப்படுதல் வேண்டும்.

கிறகரி வாவியைத் தூர்த்துவிடுமாறு எவரும் கோரவில்லை. உழைப்பால் ஆக்கப்பட்ட அழகு உழைப்போருக்கும் உரியது. அதனை ஆண்டோரின் நினைவாக மட்டும் விட்டுவைத்தல் மேலுமொருமுறை இழப்பதாகும். மலையகத்தின் ஒரு தொழிலாளிக் குடும்பம், ஊதியம் குறையாத ஓய்வு நாளொன்றில், தன் முன்னோரின் வரலாறு எழுதப்பட்ட கரையில் அச்சமின்றி அமர்ந்திருக்கும் நிலை வருமாயின், அன்றுதான் அவ்வாவியின் மரபுரிமை பேணப்பட்டது எனலாம். அந்நாள் கட்டிடக்கலைஞரின் வரைபடத்தினால் மட்டும் வாராது. ஊதியத்துக்கும் காணிக்கும் நிகழும் போராட்டத்தின் ஊடாகவே வரும்.